இருளப்பன் எந்த வீட்டு ஆள்

இருளப்பனுக்கு வீடு கிடையாது என்பது எட்டு வருடமாக அந்த மலாய் நாட்டுத் தேயிலை மலையில் ஒருவருக்கும் தெரியாது. மறைத்தாரா என்றால், மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா என்பது வேறு விஷயம். சத்தியமாகச் சொல்லியிருக்க மாட்டார்.

ரிங்லெட் பக்கத்துத் தோட்டத்தில் அவரைக் கம்போங் ராஜாக்காரர் என்றார்கள். கம்போங் ராஜா பக்கம் போனால் ரிங்லெட்காரர் என்றார்கள். நடுவில் பிரிஞ்சாங்கை ஒட்டிய தோட்டத்து ஆட்களுக்கு எந்தப் பக்கம் என்று நிச்சயமில்லை, ஆனால் இரண்டில் ஒன்று என்பதில் சந்தேகமும் இல்லை. இப்படி ஒரு தப்பு டவுன்காரர்களுக்கு வந்திருக்காது. தோட்டத்து ஜனங்களுக்கு வந்ததற்குக் காரணம் வெற்றிலை.

தோட்டத்தில் ஒரு கல்யாணம் என்றால் கார்டு அச்சடிப்பார்கள். அது அலமாரிக் கண்ணாடியில் செருகி வைக்க. அழைப்பு என்பது வேறு. வெற்றிலை, பாக்கு, ஒரு துண்டு கற்கண்டு தட்டில் வைத்து, இன்னார் வீட்டில் இன்ன காரியம், குடும்பத்தோடு வந்து நடத்திக் கொடுக்க வேண்டும் என்று ஒரு ஆள் நேரில் நின்று சொன்னால்தான் அழைப்பு. இல்லாவிட்டால் மாமன் வரமாட்டான். வந்தாலும் பந்தியில் உட்காரமாட்டான். உட்கார்ந்தாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருப்பான். ஆறு நாளும் கொழுந்து பறிக்கிறவர்கள் மலைக்கு மலை ஏறி இறங்கி அழைக்க எங்கே போவார்கள்? அவர்களுக்காக இருளப்பன் போனார்.

வெற்றிலையோடு வருகிறவரை அழைக்கிற வீட்டு ஆளாகவே நடத்துவது வழக்கம். நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள் என்று அவரைக் கேட்டால் கல்யாண வீட்டையே நிற்க வைத்துக் கேட்டது போலாகிவிடும். ஆகவே ரிங்லெட் கல்யாணத்துக்குக் கம்போங் ராஜா போனபோது அங்கே அவர் ரிங்லெட்காரர் ஆனார். கம்போங் ராஜா காதுகுத்துக்கு ரிங்லெட் வந்தபோது கம்போங் ராஜாக்காரர் ஆனார். போகிற இடமெல்லாம் வந்த இடத்துக்காரராகவே இருந்தார்.

அதற்கு முன்னால் அவருக்கும் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், ஒரு வீடு இருந்தது. எழுபதாம் வருடம், குடியுரிமை இல்லாதவர் என்று காட்டும் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருப்பவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. இந்த மலையிலேயே பிறந்தவர்தான், ஆனால் பிறந்ததற்குக் காகிதம் இல்லை. பெர்மிட் கிடைக்கவில்லை, வேலை போனது, வேலையோடு லயத்து வீடும் போனது. அதே நிலையில் இருந்தவர்கள் பாட்டன் ஊருக்குக் கப்பலேறினார்கள். அங்கே போய் யார் வாசலில் நிற்பது என்று இவர் மலையிலேயே இருந்துவிட்டார். கல்யாணம் காட்சி என்று கட்டிக்கொள்ளவில்லை, பின்னால் அழ ஆளில்லை.

அப்புறம் நடைதான். அவருக்கு நடப்பது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காலையில் பனி கலைந்து தேயிலை மேல் வெயில் விழும்போது, வேலைக்கு முன் பெரட்டு வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டிய கவலை இல்லாமல், தோளில் துணிப்பையோடு சடக்கு ரோட்டில் நடந்து போவது ஒரு சுகம்தான். பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டாய் இரவில் காலியாக இருக்கும். கோயில் மடப்பள்ளி இருக்கும். தேயிலை ஆலையில் சூளைச் சுவரின் வெளிப்பக்கம் கணகணவென்று இருக்கும். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டேன் என்று காவல்காரரிடம் சொல்வார். மூன்று தோட்டத்துக் காவல்காரர்களும், பாவம் இந்த மனுசனுக்கு பஸ் பிடிக்கவே தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

வெற்றிலை கொண்டுவந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பக்கூடாது. அதனால் சோற்றுக்குக் குறைவில்லை. கல்யாணம் இல்லாத மாதங்களில் சேதி கொண்டுபோவார். உங்கள் மகளுக்கு ஆண் குழந்தை, உங்கள் சகலை கங்காணி வேலைக்கு, மாண்டோராக உயர்ந்திருக்கிறார் என்று சொல்லிவிட்டுக் கிளம்பப் பார்ப்பார். ரிங்லெட்டில் ருக்குமணியோ கம்போங் ராஜாவில் வேலம்மாவோ விடமாட்டார்கள். அடுப்பில் முட்டை விழும். வீட்டு ஆண்கள் எழுந்து இடம் விடுவார்கள். விருந்தாளி என்கிற அந்த மரியாதைதான் இருளப்பனின் சொத்து. அதை எண்ணி அவருக்குக் கர்வம்கூட உண்டு. வீடில்லாதவன் என்று தெரிந்த மறுநாள் அதே சோறு பிச்சையாகிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. அதுதான் அவர் வாய் திறக்காததன் காரணம்.

எழுபத்தெட்டில், பள்ளி விடுமுறைக்கு முன்னால், பிரிஞ்சாங் போலீசுக்குப் புதிதாகக் கோப்பரல் ஹம்சா மாற்றலாகி வந்தார். கூலிம் பக்கம் ரப்பர் தோட்டத்தை ஒட்டி வளர்ந்த மலாய்க்காரர். தமிழ் முக்கால்வாசி வரும். சுற்றுலாக்காரர்கள் வருகிற நேரம், கடையோரங்களில் யாரும் படுத்துக் கிடக்கக்கூடாது என்று அவருக்கு உத்தரவு. ஹாஜா மைதீனின் சாப்பாட்டுக் கடை வாசல் நடையில், அஞ்சடியில், மூட்டையில் சாய்ந்து காலை வெயிலில் கண்ணயர்ந்திருந்த இருளப்பன்தான் முதலில் அகப்பட்டார்.

கோப்பரல் கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல போட்டிருக்கிற லயம் எங்க இருக்கு?"

"அங்கதான் இருந்துச்சு தொவான்," என்றார் இருளப்பன் பணிவாக.

"நேத்து அங்க போனேன். கோபிஸ் வாங்க. லயம் இல்ல, கோபிஸ் தோட்டம்தான் இருக்கு. நீங்க முட்டைக்கோஸ்லயா படுக்குறீங்க?"

இருளப்பன் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"என்ன வேலை?"

"வெத்தில கொண்டு போறேன்."

"வியாபாரமா?"

"இல்ல. சும்மா கொண்டு போய்க் குடுப்பேன்."

கோப்பரல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். வீடு இல்லை, வேலை இல்லை, மனைவி மக்கள் இல்லை. அப்படி இருப்பவருக்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது, கெலண்டாங்கான் என்றார். கல்லாவில் இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஹாஜா மைதீன், நம்ம ஆளைப் பற்றி என்னவோ சொல்கிறாரே என்று வெளியே வந்தார். நாகூர்ப் பக்கத்து மனுசர், வார்த்தைக்கு வார்த்தை தமிழ் கண்டுபிடித்துவிடுவதில் ஆசை.

"நாடோடிங்கிறாரு. இல்ல, நாடோடின்னா கூட்டமாப் போவாங்க. பரதேசின்னு வச்சுக்கலாம்."

"பரதேசின்னா வேற தேசத்துலேர்ந்து வந்தவன் பாய்," என்றார் இருளப்பன் நிதானமாக. "நான் இங்கயே பொறந்தவன். நீங்கதான் கப்பல்ல வந்தீங்க."

ஹாஜா மைதீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது சரி. அப்ப ஊர்சுத்தி."

"சேதி சொல்லப் போறவன் ஊர சுத்தாம எப்படி?"

கோப்பரலுக்கும் சிரிப்புதான். ஆனால் சட்டத்தின் வார்த்தைக்குத் தமிழ் அகப்படவில்லை என்பதற்காக ஆளை விட்டுவிட முடியுமா? ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய், பெஞ்சில் உட்கார வைத்து, கோப்பி வாங்கிக் கொடுத்தார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதை அவர் பிறகு விளக்கினார். அது திட்டு இல்லை. இந்த ஆளுக்கு நான்தான் பொறுப்பு என்று சொல்ல யாரும் இல்லாதவர், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்களுக்காகக் கீழே வெயில் ஊரில் அரசாங்க இல்லம் இருக்கிறது. கட்டில், சோறு, மருந்து எல்லாம் உண்டு. சாயங்காலம் வேன் வரும்.

"உங்க ஆளுங்க யாராச்சும் வந்து, இவரு எங்க வீட்டு ஆளு, எங்க வீட்லதான் இருக்காருன்னு சொன்னா விட்டுடுவேன். யாருக்குச் சொல்லி அனுப்பணும்? பேர் சொல்லுங்கலா."

இருளப்பனுக்கு எத்தனையோ பேர் தெரியும். மூன்று தோட்டத்திலும் யார் வீட்டில் எத்தனை பிள்ளை, எந்தப் பெண் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்று தலைகீழாகச் சொல்வார். ஒரு பேரும் சொல்லவில்லை. வெயில் ஊர் என்றதும் அவர் பயந்தது நிஜம். நினைவு தெரிந்த நாளிலிருந்து மலையை விட்டு இறங்கியதில்லை. இருந்தாலும், என்னை உங்கள் வீட்டு ஆள் என்று வந்து சொல்லுங்கள் என்று ருக்குமணியைக் கேட்பதா? எட்டு வருடம் எழுந்து நின்று இடம் விட்டவர்கள், ஐயோ பாவம் என்று பார்ப்பதைப் பார்க்க வேண்டுமா? அதற்கு வெயிலே தேவலை என்று இருந்தது. யாரும் இல்லை என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

ஹாஜா மைதீன் யாரையும் கேட்டுக்கொண்டு எதையும் செய்கிறவர் இல்லை. காய்கறி லோரி ஓட்டும் விஜயன் கடையில் ரொட்டி சாப்பிட வந்ததும் பிடித்துக்கொண்டார். "கம்போங் ராஜா போறியா? இருளப்பன் வீட்டுல சொல்லு, போலீஸ்ல உக்காந்திருக்காரு. வீட்டு ஆளு வந்து, எங்க வீட்லதான் இருக்காருன்னு சொன்னாத்தான் விடுவாங்களாம்."

"அவரு ரிங்லெட்லா பாய்."

"கம்போங் ராஜாடா."

விஜயன் எதற்கும் இரண்டு இடத்திலும் சொல்லிவிடுவோம் என்று போனான். கம்போங் ராஜாத் தோட்டத்தில் வேலம்மா கூடையோடு நிறுவைக்கு நின்றிருந்தாள். வாட்டசாட்டமான மனுசி, பறிப்பில் முன்நிரைக்காரி, யார் வீட்டு விசேஷத்திலும் முதல் ஆளாகச் சமையல்கட்டில் நிற்பவள். விஷயத்தைக் கேட்டு, "அண்ணனுக்கு ரிங்லெட்ல வீடு இருக்கே. ருக்குமணி லயத்துல" என்றாள். விஜயன் லோரியைத் திருப்பிக்கொண்டு ரிங்லெட் இறங்கினான். ருக்குமணி இங்கே இல்லை, அங்கே என்றாள். கம்போங் ராஜாவில் இங்கே என்றார்களே என்றான் விஜயன். அப்படியானால் அவருக்கு இரண்டு இடத்திலும் வீடில்லை என்று ருக்குமணிக்கு அப்போதுதான் விளங்கியது.

பிறகு அவள் இடுப்பில் கட்டியிருந்த சாக்கைக்கூட அவிழ்க்காமல் லோரியில் ஏறினாள்.

நான்கு மணிக்கு மேல் லோரி ஸ்டேஷன் வாசலில் நின்றது. ருக்குமணி முன்னால் இறங்கினாள். வேலம்மா ஏற்கனவே சந்தை வண்டி ஒன்றைப் பிடித்து வந்து வாசலில் நின்றிருந்தாள். நடுத்தோட்டத்து மாண்டோர் வீரப்பன் சேதி கேள்விப்பட்டு மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். பெஞ்சிலிருந்து மூவரையும் பார்த்த இருளப்பனுக்கு உடம்பு கூசிப்போனது. வேன் சீக்கிரம் வந்துவிடக்கூடாதா என்று நினைத்தார்.

வேலம்மா நேராகக் கோப்பரலிடம் போனாள். "இவரு எங்க அண்ணன் தொவான். என் கூடப்பொறந்தவரு. எங்க வீட்லதான் இருக்காரு."

"எங்க சித்தப்பா," என்றாள் ருக்குமணி அதே நேரத்தில். "எங்கப்பாவுக்குத் தம்பி. எங்க வீட்லதான் இருக்காரு."

கோப்பரல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முக்கால்வாசித் தமிழ் தெரிந்தவரை ஏய்ப்பது கஷ்டம். "இவங்களுக்கு அண்ணன். உங்களுக்குச் சித்தப்பா. அப்ப இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

அதுவரை அந்த இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் திருவிழாவில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. ருக்குமணி ஒரு நிமிடம்கூடத் தடுமாறவில்லை. "அத்தை," என்றாள். வேலம்மாவும், "ஆமா, என் அண்ணன் மவ" என்று அவள் தோளில் கை போட்டுக்கொண்டாள்.

முறை சரியாக வந்துவிட்டது. கோப்பரல் தலையாட்டினார். கெடுத்தது வீரப்பன்தான். பெண்களே இப்படிச் சொல்லும்போது நாம் சும்மா இருந்தால் நன்றாயிருக்காது என்று நினைத்து, "எனக்கு மாமனாரு" என்றார்.

"இவரு கல்யாணமே கட்டலன்னு காலையில சொன்னாரே."

வீரப்பன் மீசையைத் தடவினார். "மாமனார் முறை தொவான். முறை."

கோப்பரல் நாற்காலியில் சாய்ந்து நன்றாகச் சிரித்தார். கூலிமில் சின்ன வயதில் இந்த முறையெல்லாம் அவருக்குப் பழக்கம்தான். "சரி, சொந்தம் போதும். இவரு ராத்திரி எந்த வீட்ல படுக்குறாரு? உண்மையச் சொல்லணும்."

மூவரும் எங்க வீட்ல என்று ஒன்றாகச் சொன்னார்கள். சொன்ன பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. வேலம்மாவுக்குத்தான் முதலில் தாங்கவில்லை. இருளப்பன் பக்கம் திரும்பினாள்.

"எங்கண்ணே படுத்தீங்க இத்தன வருசமா? இந்தக் குளிர்ல?"

இருளப்பன் தரையைப் பார்த்தார். எதற்குப் பயந்தாரோ அது வந்துவிட்டது. "ஆயாக் கொட்டாயில," என்றார். "சில நாளு ஆலச் சொவத்துகிட்ட."

வேலம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ருக்குமணி அழவில்லை. அவளுக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. "என் வீட்ல சாப்ட்டுட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சும்மான்னு கெளம்புவீங்களே, எந்த பஸ்ஸுக்கு? ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சிடும்? எங்களையெல்லாம் என்னான்னு நெனச்சீங்க?"

"சொன்னா, வெத்தில கொண்டு வந்தவருன்னு பாப்பீங்களா, சோத்துக்கு வந்தவன்னு பாப்பீங்களா?" என்றார் இருளப்பன். எட்டு வருடம் தொண்டையில் இருந்ததை அவர் வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை.

கோப்பரல் தொண்டையைச் செருமினார். மூன்று வீடு இருக்கிறவரை வீடில்லாதவர் என்று வேனில் ஏற்ற முடியாது, ஆனால் ஒரு வீட்டைத்தான் எழுத முடியும், எதை எழுத என்று கேட்டார். அதற்கு ஒரு சண்டை நடந்தது. வேலம்மாவுக்கு வீட்டில் ஏழு பேர். வீரப்பன் சம்சாரத்தைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்று உண்மையை ஒப்புக்கொண்டார். ருக்குமணிக்கும் அவள் புருசன் மாடசாமிக்கும் பிள்ளைகள் இல்லை, பின்கட்டு அறை விறகுக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. "விறக வெளிய போட்டா போச்சு," என்றாள். கோப்பரல் எழுதிக்கொண்டார். வேன் அன்றைக்குக் காலியாகத்தான் கீழே இறங்கியது.

முதல் வாரம் இருளப்பனுக்குச் சங்கடமாகவே இருந்தது. போலீஸ் முன்னால் சித்தப்பா என்று சொல்லிவிட்ட ருக்குமணி அதை மாற்றிக்கொள்ளவில்லை. சித்தப்பா, சித்தப்பா என்று லயம் முழுக்கக் கேட்கக் கூப்பிட்டாள். புதிதாக ஒரு கம்பளி வாங்கிப் போட்டாள். மாடசாமி எழுந்து எழுந்து இடம் விட்டான். இதெல்லாம் எத்தனை நாளைக்கு என்று இருளப்பன் உள்ளுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தார். கறியில் துண்டு குறைகிறதா, குரலில் சலிப்பு தெரிகிறதா என்று கவனித்தார்.

மறுவாரம் நடுத்தோட்டத்தில் ஒரு நிச்சயதார்த்தம். வெற்றிலையோடு கம்போங் ராஜா போனார். வேலம்மா வீட்டில் வழக்கம் போலவே மரியாதை நடந்தது, கொஞ்சம் கூடுதலாகவே நடந்தது. "ருக்குமணி எப்படி இருக்கா? அத்தை கேட்டேன்னு சொல்லுங்க" என்றாள். மறுநாள் சாயங்காலம் மழையில் நனைந்துகொண்டு ரிங்லெட் வந்து சேர்ந்தபோது லயத்தில் விளக்கு வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்குள் நுழைந்தார். மாடசாமி சுவரில் சாய்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தான். எழவில்லை. இவர் தாண்டிப் போகக் காலை மட்டும் மடக்கிக்கொண்டான். தட்டுகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. அவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். அடுப்பு அணைந்திருந்தது. ருக்குமணி பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாங்க என்று ஒரு வார்த்தை இல்லை.

இதுதான், இதற்குத்தான் பயந்தேன் என்று இருளப்பன் நினைத்தார். விருந்தாளிக்காகக் காத்திருப்பார்கள், முட்டை பொரிப்பார்கள். காத்திருக்கவில்லை என்றால் மரியாதை போய்விட்டது என்று அர்த்தம். ஈரப் பையைக் கையில் பிடித்தபடி, திரும்பிப் போய்விடலாமா என்று கதவருகிலேயே நின்றார்.

"சட்டியில கொழம்பு இருக்கு, கருவாடு மூடி வச்சிருக்கேன்," என்றாள் ருக்குமணி, துணியை உதறிக்கொண்டே. "போட்டுச் சாப்பிடுங்க. பானைய மூடுங்க, பூன வருது."

போட்டுச் சாப்பிடுவதா? இத்தனை வருடத்தில் எந்த வீட்டுப் பானையிலும் அவர் கை வைத்ததில்லை. எல்லாம் பரிமாறித்தான் வந்திருக்கிறது. தயங்கித் தயங்கி அடுப்படிக்குப் போய்ப் பானையைத் திறந்தார். ஒரு ஆளுக்கான சோறு ஒதுக்கி வைத்திருந்தது. அள்ளிப் போட எதையும் காணவில்லை.

"அகப்பை எங்கம்மா?"

ருக்குமணி துணியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். அவரிடம் பேசவில்லை, புருசனிடம்தான் பேசினாள். "இந்த வீட்ல இருந்துக்கிட்டே அகப்பை எங்கன்னு கேக்குறாரு பாருங்க. ஆம்பளைங்க எல்லாருமே இப்படித்தான்."

"நானும் கேட்டா இதத்தான் சொல்லுவா சித்தப்பா," என்றான் மாடசாமி ரேடியோவிலிருந்து காதை எடுக்காமல். "நீங்களே தேடுங்க."

இருளப்பன் தேடினார். அலமாரிக்குப் பின்னால், மாடத்தில், தண்ணீர்த் தவலைக்கு அடியில் தேடினார். தேடத் தேட அவருக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது, அதை மறைக்கவும் தெரியவில்லை. விருந்தாளி இல்லை என்றால் பிச்சைக்காரன் என்று எட்டு வருடம் நினைத்திருந்தார். நடுவில் இப்படித் திட்டு வாங்குகிற ஒரு இடம் இருப்பது அவர் கணக்கில் வரவே இல்லை. அகப்பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. எடுத்து, வேண்டிய மட்டும் போட்டுக்கொண்டு, பானையை மூடிவிட்டு, மாடசாமியின் காலைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்.